பூசணியின் சீட்டு

கொள்முதல் நிலையத்துத் தார்ப்பாய் ஓரம்
காயப்போட்ட நெல்லின் சூட்டில்
வயிறு பதித்துக் கிடந்தது.
பங்குனி வெயில்.
நாங்கள் நிழல் தேடி ஓடும் நேரத்தில்
அது குளிர்காய்ந்தது.

முன்பு அதன் பெயர் சிட்டு.
மூட்டைக்கு மூட்டை தாவும்.
என் டிபன் டப்பாவில் தின்பது பாதியாகியும்
உடம்பு இரண்டு மடங்கானது.
சுமைக்காரர்கள் பூசணி என்றார்கள்.
அதற்கும் திரும்பிப் பார்த்தது,
திரும்புவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டு.
வாலில் முடியில்லை. எலிவால்.

கொழுப்பு, என்றார் காவலாளி.
வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.
சோம்பேறி நாய், என்றார் வீட்டுக்காரர்.
எனக்குப் பழகிய சொல்.
விடியலில் கைகால் அசையாத நாளெல்லாம்
படுத்தபடியே அவர் சொல்வதுதான்,
காபி வரத் தாமதமானால்.

வைக்கோல் ஏற்றிப்போன டாட்டா ஏஸில்
ஒரத்தநாட்டுக்குப் போனோம், நானும் அதுவும்.
வடுவூர் ஏரிக்காற்றில்
முந்தானையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டேன்.
அது என் மடிக்குள் ஒடுங்கியது.

டாக்டர் மெஹர்நிஷா கேட்டார்:
எவ்வளவு நேரம் தூங்குது?
குளிர் தாங்குதா?
புண்ணு ஆற எத்தனை நாள்?
கூப்பிட்டா சட்டுனு எழுந்திரிக்குதா?
முகம் இப்படி வாடி எத்தனை மாசம்?

பதில் சொல்லிக்கொண்டே வந்தேன்.
ஐந்தாவது கேள்வியில்
யாரைப் பற்றிச் சொல்கிறேன் என்று குழம்பியது.
நாற்பத்தொரு வயதில்
ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை இதையெல்லாம்.

ரத்தம் எடுத்தார்கள். மறுவாரம்
தைராய்டு, என்றார்.
"உடம்புக்குள்ள காவலுக்கு ஒரு கூட்டம் இருக்கும்மா.
அதுக்கு வீட்டாள் வாசனை மறந்துபோச்சு.
கழுத்துல இருக்கற சின்னச் சுரப்பியைத்
திருடன்னு நெனச்சுக் கடிச்சுத் தின்னுடுச்சு."
நாய்க்கே நாய்க்கதை.
பூசணி கொட்டாவி விட்டது.

பிறகு என்னைப் பார்த்தார்.
புருவத்தின் கடைசியில் முடி உதிர்ந்த இடத்தைக்
கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தார்.
"நான் மாட்டு டாக்டர். உங்களுக்கு எழுதக்கூடாது.
மன்னார்குடி ஆஸ்பத்திரியில
ஒரு தடவை கழுத்தைக் காட்டிடுங்க."

ஈரப்பதம் பதினேழைத் தாண்டினால்
மூட்டையைத் திருப்பி அனுப்புகிறவள் நான்.
யார் கெஞ்சினாலும்
கருவி காட்டும் எண்ணைத்தான் நம்புவேன்.
என் எண்ணை ஒருநாளும் படித்ததில்லை.
ஐந்துக்குள் இருக்க வேண்டியது
நாற்பத்தெட்டு என்று வந்தது.

மருந்துக்கடை ரவூஃப்
இரண்டு சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.
"இந்த முந்நூறு யாருக்கு? யானைக்கா?"
நாய்க்கு. எழுபத்தைந்துதான் எனக்கு.
ஒரே மருந்து.
அதன் ரத்தத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடுமாம்,
சாயங்காலமும் ஒன்று வேண்டுமாம்.
ரவூஃப் கல்லாவுக்கு மேல் எக்கி
பூசணியை மரியாதையாகப் பார்த்தார்.

ஆற்றில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போதே
வயல் வெடித்துக் கிடப்பது
இந்தப் பக்கத்தில் யாருக்கும் புதிதில்லை.
எங்கோ தலைப்பில் ஒரு ஷட்டர் இறங்கியிருக்கும்.
அதற்காகக் கடைமடை நிலத்தைச்
சோம்பேறி என்று யாரும் சொன்னதில்லை.

ஆனி பிறந்தபோது
வால் நுனியில் பூனைமீசை போல் நாலு முடி.
என் சீப்பில் இன்னும் சிக்குகிறது,
முன்னைக்குக் கொஞ்சம் குறைவாய்.

நாத்தனார் போனில் மகளைத் திட்டினாள்:
"பத்து மணிக்கும் தூங்குது, எருமை."
அவளுக்குக் குளிர் தாங்குதா, என்று கேட்டேன்.
அந்தப் பக்கம் சற்றுநேரம்
மின்விசிறி மட்டும் பேசியது.

மாத்திரைக்குப் பின் ஒரு மணி நேரம்
எதுவும் உள்ளே போகக்கூடாது.
ஐந்தரைக்கு அதற்கொன்று, எனக்கொன்று.
நான் பால் பாத்திரத்தைப் பார்க்க
அது என்னைப் பார்க்க
ஆறரை வரை ஒரே பசி இரண்டு பேருக்கும்.

வீட்டுக்காரர் எழுந்திருக்க ஏழரை ஆகும்.
நாங்கள் ஒன்றும் சொல்வதில்லை.